எலியாகவே இருக்கட்டும்

பதினோராம் வகுப்புக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கும்போது நான் எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன். கையில் கொடுத்த உப்பின் நிறம் என்ன, மணம் என்ன, தண்ணீரில் கரைகிறதா. அமிலமும் பர்னரும் அதற்குப் பிறகு. முகர்வதற்கும் ஒரு முறை உண்டு. சோதனைக்குழாயை மூக்குக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதன் வாய்க்கு மேல் உள்ளங்கையை விசிறி போல ஆட்டி, வருகிற காற்றைக் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். புதிதாக வரும் பெண்கள் முதல் நாள் கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்வது போலச் செய்வார்கள். சிரிப்பு வரும்.

உத்திரமேரூரில் எங்கள் வீடு. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் உள்ள ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். என் மூக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கடைசி மேசையில் ஒருத்தி அசிட்டேட் உப்பைச் சூடாக்கினால், கரும்பலகைப் பக்கம் நின்றபடியே, "வினிகர் வாசனை வருது, எழுதிக்கோ" என்பேன். பெண்கள் வாயைப் பிளப்பார்கள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. பெரிய தொந்தரவு இல்லை. சில நாள் படுத்திருந்தேன், எழுந்துவிட்டேன். சாப்பாடு மண் போல இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது, எல்லோருக்கும் திரும்பி வந்தது. எனக்கும் வந்துவிடும் என்று இருந்தேன். நாக்கில் உப்பும் இனிப்பும் புளிப்பும் தெரிந்ததால், பாதி வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யப் போனோம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை. நான் பூட்டைத் திறந்து உள்ளே போய், மேசையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தெந்தப் புட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லேப் அசிஸ்டெண்ட் அம்மா துடைப்பத்தோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அய்யய்ய, இன்னா டீச்சர் இது! உள்ள எப்படி ஒக்காந்துனு கீறீங்க?"

"ஏன், என்ன?"

"நாத்தம் கொடல பொரட்டுது. எதுனா செத்துக் கெடக்குதா?"

எழுந்து அலமாரியைப் பார்த்தேன். மஞ்சள் அமோனியம் சல்பைடு புட்டியின் மூடி வெடித்து, பலகை முழுவதும் வழிந்து காய்ந்திருந்தது. ஆய்வகத்தில் அதைவிட மோசமாக நாறும் பொருள் வேறு கிடையாது. மூடியைத் திறந்தால் அடுத்த கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடத்துகிறவர் ஆள் அனுப்புவார். அதற்கு ஒரு கை தூரத்தில் நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

புட்டியை எடுத்து மூக்கருகே வைத்தேன். நான் யாரையும் செய்யக் கூடாது என்று சொல்வதைச் செய்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது.

அந்த அம்மா அதற்குள் சன்னல்களைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் மூக்கு வரலயா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பள்ளியில் வேலை பார்த்த அவர் கணவர் இறந்துபோனதால் கிடைத்த வேலை இது. மாகறல் பக்கத்து ஊர், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். புட்டிகளின் பெயரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு அவர் வெளியே யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நானும் சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை.

வகுப்பில் சில வாரம் சமாளித்தேன். அமோனியம் உப்பைக் காரத்தோடு சூடாக்கும்போது கண்ணில் நீர் கட்டும், மூக்குக்குள் ஊசி வைத்தது போல எரியும். அதை வைத்துச் சொல்லிவிடலாம். எரிச்சல் வேறு, மணம் வேறு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சல்பைடுக்கு எரிச்சலும் இல்லை. ஆனால் வேதியியல் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. லெட் அசிட்டேட் கரைசலில் நனைத்த தாளைக் குழாயின் வாயில் காட்டினால் கறுத்துவிடும். அமோனியாவுக்கு, அடர் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் காட்டினால் வெள்ளைப் புகை எழும். மூக்கு சொல்வதைக் கண்ணுக்குச் சொல்லும் தாள்கள், கம்பிகள். முன்பு மாணவிகள் அவற்றைச் செய்யாமல் விட்டால் நான் கண்டுகொள்ள மாட்டேன். இப்போது செய்யாதவளை உட்கார விடுவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில்தான் மாட்டிக்கொண்டேன். கரிம அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துச் சூடாக்கும் சோதனை. பழ மணம் வர வேண்டும். ஒரு பெண் குழாயை நீட்டி, "டீச்சர், இது என்ன பழம்?" என்றாள். நான் கையை விசிறி, இழுத்து, "நீயே சொல்லு பார்க்கலாம்" என்றேன். "பழமே இல்ல டீச்சர். எங்க அப்பா முட்டிக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி கீது." சாலிசிலிக் அமிலத்துக்கு அப்படித்தான் இருக்கும். அவள் சொன்னது சரி. ஆனால் நான் முகம் மாறாமல் நின்றதைப் பார்த்து, "டீச்சர், உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். மற்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியல" என்றேன். "காய்ச்சலுக்கு அப்புறம் எதுவும் தெரியல."

அதற்குப் பிறகு அவர்கள் எனக்காக முகர்ந்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். ஒருத்தி பலாப்பழம் என்பாள், ஒருத்தி நெயில் பாலிஷ் என்பாள், ஒருத்தி புதுச் செருப்பு என்பாள். நான் நடுவில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

டாக்டர் சின்ன டார்ச்சை அடித்து மூக்கைப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, நரம்பு மறுபடி துளிர்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூக்கலிப்டஸ் தைலம், பன்னீர் இவற்றைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். அந்த வாசனையை மனத்தில் நினைத்துக்கொண்டே முகர வேண்டுமாம்.

மாலையில் என் அப்பாவின் அறையில் உட்கார்ந்துதான் அதைச் செய்வேன். அந்த அறையில்தான் நல்ல வெளிச்சம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். புள்ளலூரில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு விட்டிருந்தோம். வருகிற நெல் மூட்டைகளைத் தன் அறையிலேயே, கட்டிலுக்கு எதிரில் அடுக்கி வைத்துக்கொள்வார். வேறெங்கே வைத்தாலும் தூக்கம் வராது என்பார். சர்க்கரை நோய் அவருக்குப் பல வருடம். பாதங்கள் மரத்துப்போயிருந்தன. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்.

நான் கிராம்பு டப்பாவை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு நாள் சிரித்தார்.

"இன்னாம்மா, எதுனா ஆப்டுச்சா?"

"இல்ல நைனா."

"எனுக்குக் கால் இல்ல, ஒனக்கு மூக்கு இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு கூட ஆவ மாட்டோம் போ."

நானும் சிரித்தேன்.

தை மாதம் அறுவடைக்கு அவர் நிலத்துக்குப் போனார். போக வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். மிஷின் அறுத்த வயலில் வெட்டுப்பட்ட நெல்தாள் ஈட்டி போல நிற்கும். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அதற்குள் நடந்திருக்கிறார். திரும்பி வந்ததும், "கால்ல எதுவும் குத்தலயே?" என்று கேட்டேன். "பாத்தேம்மா, ஒண்ணும் இல்ல" என்றார். பனிக்காலம் என்று நான் வாங்கிக் கொடுத்த சாக்ஸை அன்றிலிருந்து எந்நேரமும் போட்டுக்கொண்டிருந்தார். குளிருகிறது என்றார். எனக்கு அதில் சந்தோஷம்தான். வாங்கிக் கொடுத்த எதையும் லேசில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பையன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே வீட்டில் பகலெல்லாம் அப்பா மட்டும்தான். சாயங்காலம் நான் வந்துவிடுவேன். இவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க இருட்டிவிடும். அப்படி வந்த ஒரு நாள், உள்ளே நுழைந்ததும் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"எலி செத்துக் கெடக்குது எங்கயோ."

போன வாரம்தான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் எலி மருந்து வைத்திருந்தோம். செத்திருக்க நியாயம் இருந்தது.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"மாமா ரூம் பக்கம்தான். உனக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைக் காலி செய்தோம். அப்பாவைக் கட்டிலோடு சன்னல் ஓரம் நகர்த்திவிட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தோம். நான் டார்ச் அடித்தேன். இவர் குனிந்து மூலை மூலையாக முகர்ந்துகொண்டு போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் மூக்கை வைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்பா கட்டிலில் போர்வையைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சந்துல பாரு மாப்ள. செவுத்தோரமா பாரு" என்று வழிகூடச் சொன்னார்.

கடைசி மூட்டைக்குப் பின்னால் ஓர் எலி இருந்தது. செத்துக் காய்ந்து, கருவாடு போல ஒட்டிக் கிடந்தது. எங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி. இவர் அதைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ஏரிக்கரைப் பக்கம் போட்டுவிட்டு வந்தார். நான் அறை முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "இப்பப் பரவால்ல" என்றார். பினாயில் வாசனைக்கு மேலே வேறு எது தெரியும்? அது எனக்குத் தோன்றவில்லை. காய்ந்துபோன எலி அவ்வளவு நாறுமா என்றும் தோன்றவில்லை. கையில் ஒரு எலி கிடைத்துவிட்டது, போதும்.

அந்த வாரம் முழுவதும் நான் வழக்கம் போல மாலையில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. லேசாக உடம்பு சுட்டது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மாத்திரை கொடுத்தேன். கிராம்பையும் தைலத்தையும் முகர்ந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், இரண்டு கை தூரத்தில்தான் அந்தக் கால்.

அடுத்த ஞாயிறு காலை இவர் டீயை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கட்டிலில், கால் பக்கம் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். இவர் டீயை வாயருகே கொண்டு போனார். குடிக்கவில்லை. அப்படியே கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"இங்க வா" என்றார். "அந்த சாக்ஸக் கழட்டு."

"குளுருது மாப்ள, இருக்கட்டும்" என்றார் அப்பா.

நான் கழற்றினேன். லேசில் கழன்று வரவில்லை, ஒட்டியிருந்தது. உள்ளே துணி சுற்றி, மஞ்சளும் எண்ணெயும் போட்டுக் கட்டியிருந்தார். அதைப் பிரித்தபோது இவர் எழுந்து வெளியே ஓடினார். கொல்லையில் அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல்கள் கறுப்பு. பாதத்தின் அடியில் பச்சையும் சாம்பலுமாக ஒரு குழி. லெட் அசிட்டேட் தாள் கறுக்கும்போது ஓரத்தில் ஒரு மினுமினுப்பு வரும். அப்படி மினுமினுத்தது. வீட்டில் எதற்கும் அப்படி ஒரு தாள் இல்லை.

"வலிக்கலயா நைனா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்றார். அது உண்மை.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். வழியெல்லாம் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார் டிரைவர். பனிக்காற்று அடித்தது. அப்பாவுக்குக் குளிருமே என்று ஏற்றச் சொன்னேன். யாரும் ஏற்றவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் பேசினார். விஷம் மேலே ஏறிவிட்டது, விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்து வாங்கினார். பிறகு கேட்டார்:

"வாசனை வந்திருக்குமேம்மா. வீட்ல ஒருத்தருக்கும் தெரியலையா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். எலியைத் தேடினோம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு மூக்கு இல்லை என்று சொன்னாலும், சாக்குச் சொல்வது போலத்தானே இருக்கும்.  டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலை எடுத்தார்கள்.

அந்த வார்டில் எல்லாமே அது மாதிரிப் புண்கள். பார்க்க வருகிறவர்கள் கைக்குட்டையோடு வருவார்கள். உட்கார மாட்டார்கள், நின்றபடி பழத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கூட இருப்பவர்களே வராந்தாவில்தான் சாப்பிடுவார்கள். நான் மட்டும் கட்டிலிலேயே உட்கார்ந்து, அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, அதே தட்டில் நானும் சாப்பிடுவேன். கட்டு மாற்றும்போது கூடவே நிற்பேன், பஞ்சை எடுத்துக் கொடுப்பேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அவருடைய மருமகள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணுன்னா இப்படி இருக்கணும்மா. ஒரு மூஞ்சி சுளிப்பு இல்லயே உங்கிட்ட" என்றாள். நர்ஸும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுடைய மாமனார் தண்ணீர் கேட்டார், அவள் போய்விட்டாள். பிறகு சொல்லவே இல்லை. நாள் முழுக்க அந்த வார்டில் நல்லவள் என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நாட்கணக்கில் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், இட்லியை முடித்துவிட்டு அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது கேட்டேன்.

"நைனா, உனக்கு வலி தெரியாது, சரி. வாசன தெரிஞ்சிருக்குமே?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எம் பங்காளி ஒருத்தன், இதே மாதிரிதான். கால எடுத்தாங்க, ஆறு மாசத்துல ஆளே போய்ட்டான். ஆஸ்பத்திரின்னா எடுத்துருவாங்கன்னு தெரியும். நீங்க ரெண்டு பேரும் எலின்னீங்க. சரி, எலியாவே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

நான் இட்லித் தட்டை எடுத்துக் கீழே வைத்தேன். அவரே மேலும் சொன்னார்.

"மாப்ள ரூமுக்குள்ளயே வர்ல ஒரு வாரமா. வாசப்படியில நின்னே பேசிட்டுப் போவாரு. நீ ஒருத்திதான் தெனம் கிட்ட ஒக்காந்துனு இருந்த. அதுவும் போயிடும்னு இருந்துச்சு."

எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் வரிசை. முன்னால் நின்றவர்கள் நகர்ந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னால் இருந்த ஒரு பெண் என் குடத்தைக் காலால் தள்ளினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எனக்குக் கட்டு மாற்றச் சொல்லிக் கொடுத்தார். சுத்தமாகக் கற்றுக்கொண்டேன், கை வேலைதானே. கடைசியில் அவர் சொன்னார்: "சீழ் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே வாசன வந்துரும். கட்டு பிரிச்சதும் ஒரு தடவ மோந்து பாருங்க. கெட்ட வாசன வந்தா ஒடனே வந்துருங்க." சரி என்றேன்.

வேறு வழியில்லாமல் இவரிடம் கேட்டேன். பாவம், ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும், கை கால் கழுவி, அப்பாவின் கட்டிலருகே குனிவார். கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். "மருந்து வாசனதான்" என்று சொல்லிவிட்டு வேகமாக எழுந்து போவார். சாப்பாட்டை ஒதுக்குவார். சில நாள் குனிந்தாரா, குனிவது போலச் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்க முடியுமா? பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது. நான் கட்டு மாற்றும் நேரத்தில் அவர் ஒரகடத்தில் இருந்தார்.

ஆய்வகத்தில் ஒரு நாள் சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டே லேப் அசிஸ்டெண்ட் அம்மா கேட்டார். "அப்பா கால் எப்படி கீது டீச்சர்? ஆறுதா?"

"தெரியல" என்றேன்.  அழுதுவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "சாய்ந்தரம் நான் உத்திரமேரூர் வந்துதானே பஸ் மாறணும். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறேன். எங்க வூட்டுக்காரருக்கு மூணு மாசம் நான்தான் பாத்தேன். எனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்."

எனக்குச் சம்மதிக்கக் கூச்சமாக இருந்தது. அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். எங்கள் பழைய வீட்டின் வாசலைத் தாண்டி அவர்களை யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. இப்போது அவரைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுப் புண்ணை முகரச் சொல்வதா? வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு வேறு மூக்கு இல்லை. வரச் சொன்னேன்.

முதல் நாள் அவரைப் பார்த்ததும் அப்பா வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "அவங்கள எதுக்கும்மா..." என்றார். வெறுப்பா, வெட்கமா, எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா அதைக் கவனித்தது போலவே காட்டிக்கொள்ளவில்லை. "இன்னா பெரியவரே, எங்கிட்ட இன்னா வெக்கம்?" என்று வேட்டியை விலக்கிவிட்டுக் குனிந்தார். கண்ணை மூடவில்லை. "சுத்தமா கீது டீச்சர்" என்றார்.

அதற்குப் பிறகு அநேகமாக எல்லா நாளும் வந்தார். டீ குடிப்பார், அப்பாவிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், குனிந்து பார்ப்பார், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். சில நாள் கழித்து, அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே அப்பா தானாக வேட்டியை விலக்கிக் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கால் ஆறியது. மே மாதம் அந்த அம்மா ரிட்டயர் ஆனார். மகனோடு இருக்க ஆவடிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. சோதனைக்குழாய்களை நானும் மாணவிகளும்தான் கழுவுகிறோம்.

அந்த வருடக் கடைசியில் என் மூக்கு திரும்பியது. திரும்பியது என்று சொல்லக் கூடாது, வேறு ஏதோ வந்தது. ஒரு நாள் காபி டபராவை எடுத்தபோது டயர் எரிகிற நாற்றம் அடித்தது. வெங்காயம் வதக்கினாலும் அதே டயர். சோப்பிலும் அதே. சல்பைடிலும், அசிட்டேட்டிலும், பழ மணம் வர வேண்டிய குழாயிலும் அதே ஒரு நாற்றம். சில சமயம் எதுவுமே இல்லாத இடத்தில் அது வந்து நிற்கும். டாக்டர் இது நல்ல அறிகுறி, நரம்பு வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்றார். நல்ல அறிகுறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

முன்பு ஒன்றும் தெரியாது என்றாவது நிச்சயமாகத் தெரிந்தது. இப்போது அந்த நிச்சயமும் இல்லை. மிச்சமிருக்கிற இன்னொரு காலை நான் தினமும் பார்க்கிறேன். விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. குனிந்தால் டயர் எரிகிறது. அது காலிலிருந்து வருகிறதா, என் தலைக்குள்ளிருந்து வருகிறதா? ஒரு தடவை பயந்துபோய் லீவு போட்டுவிட்டு செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். கால் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனோம். மறுபடியும் அதே பதில். போன வாரம் மூன்றாவது தடவை. டாக்டர் அப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா" என்றார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் ஒரு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்:

"சும்மா சும்மா இன்னாத்துக்கும்மா என்ன இழுத்துனு அலையற? ஒன் வேலையும் கெடுது."

"சும்மாதான் நைனா. ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி."

"அப்ப நிம்மதியா கீறியா?"

ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு எந்தத் தெரு என்று கேட்டார். நான் வழி சொல்ல ஆரம்பித்தேன்.